உட்பக்கம் சாய்ந்த காளான்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு பல் மருத்துவமனையின் கட்டண அட்டையைப் பிழை பார்ப்பதற்காகப் புள்ளி அக்கா கட்டைப் பிரித்தாள். அந்த அச்சகத்தில் எதையும் சுற்றி வைக்கப் புதுக் காகிதத்தை எடுக்கிற வழக்கமில்லை. மை கூடிப்போனது, மடிப்பு விலகியது என்று முந்தைய வேலையில் கழித்துப்போட்ட தாள்கள்தான் அடுத்த வேலைக்குச் சட்டை. இந்தக் கட்டுக்குச் சட்டையாக வந்திருந்தது, போன வாரம் முடித்துக் கொடுத்த காளான் கையேட்டின் நடுத்தாள். அச்சடித்த எதைக் கண்டாலும் வாசித்துவிடும் நோய் அவளுக்கு உண்டு. மாத்திரை அட்டையின் பின்பக்கம், பஸ் டிக்கெட்டின் அடிவரி, பக்கத்து இருக்கைக்காரர் மடித்துப் பிடித்திருக்கும் செய்தித்தாளின் பாதிச் செய்தி, எதையும் விடமாட்டாள். கசங்கிய தாளை உள்ளங்கையால் நீவி, வலதுபக்கத்துச் சிவப்புப் பட்டைக்குக் கீழே இருந்ததை வாசித்தாள். ‘கொல்லும் வெள்ளைக் காளான். தண்டின் அடியில், மண்ணுக்குள், கிழிந்த பை போன்ற உறை இருக்கும்.’ காற்புள்ளிகள் சரியாக இருந்தன. பிறகு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். தண்டின் அடியில் பை எதுவும் இல்லை.

இடதுபக்கம் பார்த்தாள். அங்கே பச்சைப் பட்டை. ‘உண்ணத்தக்க வெள்ளைக் காளான். தண்டின் அடி வெறுமையாக இருக்கும்.’ அதற்கு மேலே இருந்த படத்தில், மண்ணோடு பிடுங்கிய காளானின் அடியில் கிழிந்த பை பளிச்சென்று தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியில் குற்றமில்லை.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட எட்ட இருந்து கண்டுபிடித்துவிடுவாள் என்பதால்தான். இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இடத்தில் மாமனார் பெயர் ஏறிப்போன கதையெல்லாம் அவளுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் நடந்தது. அவள் வந்த பிறகு அச்சகத்தின் மானம் ஒருதடவையும் கப்பலேறியதில்லை. எழுத்தைப் பொறுத்தவரை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். படத்தைப் பொறுத்தவரை, அது நேராக இருக்கிறதா, மங்காமல் இருக்கிறதா, பக்கத்துக்கு அழகாக இருக்கிறதா, அவ்வளவுதான். படத்தில் இருப்பது என்ன என்று பார்ப்பது தன் வேலை என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

“மவுஸ், இங்க வா” என்றாள். கணினியில் பக்கம் அமைக்கும் பெண்ணுக்கு அச்சகத்தில் அதுதான் பெயர். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. மவுஸ் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா விரலை வைத்துக் காட்டிய பிறகு பேய் அறைந்தவள்போல் நின்றாள். அப்புறம் ஓடிப்போய், அக்கா திருத்தம் எழுதிக் கொடுத்த இரண்டாவது மெய்ப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்கதானேக்கா எழுதியிருந்தீங்க” என்றாள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அழப்போகிற குரலில் சொன்னாள்.

எழுதியது அவள்தான். அவளுடைய கையெழுத்து, அவளுடைய சிவப்பு மை. ‘இரண்டு படமும் பக்கத்துக்கு வெளியே சாய்கின்றன. உட்பக்கம் சாய்ந்தால் கட்டாக நிற்கும்.’ இடதுபக்கத்துக் காளான் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, வலதுபக்கத்துக் காளான் வலப்பக்கம். விரித்து வைத்துப் பார்த்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் இருக்கும். அது அவள் கண்ணை உறுத்தியது. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் புத்தகம் எழுதிய செடி டீச்சர், என் படங்களைத் திருப்பவோ வெட்டவோ கூடாது என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே மவுஸ் யோசித்து, திருப்பாமல், வெட்டாமல், இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றி வைத்துவிட்டாள். காளான்கள் இரண்டும் சமர்த்தாக உட்பக்கம் சாய்ந்தன. கடைசி மெய்ப்பில் முன்பு திருத்திய இடங்களை மட்டும்தான் பார்ப்பார்கள், அதுதான் அச்சகத்து முறை. அவளும் பார்த்தாள். பக்கம் இப்போது கட்டாக நிற்கிறது என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சந்தோஷம் இப்போது நினைவுக்கு வந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

முதலாளி தகவலைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினான். அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மை டப்பாவில் கைவிட்டு அடிவாங்கிய காலத்திலிருந்து அவளுக்கு அவனைத் தெரியும். நாலு பேர் முன்னால் முதலாளி, தனியாக இருக்கும்போது தம்பி.

“எத்தனை பிரதிக்கா?”

“நூறு. சனிக்கிழமை நூலகத்துல கூட்டம் வச்சுக் குடுத்திருக்காங்க.”

“சரி, பதறாதீங்க. பிழைன்னு வாயைத் திறக்க வேணாம். புதுப் பதிப்பு வருது, பழசைக் குடுத்துட்டு வாங்கிக்குங்கன்னு சொல்லுவோம். கௌரவமா முடிஞ்சிடும்.”

செடி டீச்சரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அக்கா தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். டீச்சர், “வெள்ளி, சனி ரெண்டு நாளும் மழை பெஞ்சுதே” என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. ஐம்பத்தெட்டுப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் டீச்சர் வீட்டிலேயே இருந்தன. நாற்பத்திரண்டு வெளியே போயிருந்தன. வாங்கியவர்களின் தொலைபேசி எண்ணும் முகவரியும் ஒரு தாளில் இருந்தன. டீச்சர் அதைப் படம் பிடித்து அனுப்பினார்.

முதலாளிதான் முதல் அழைப்பைப் போட்டான். தேன் ஒழுகப் பேசினான். புதுப் பதிப்பு என்றான், கூடுதல் படங்கள் என்றான். “எங்களுக்குப் பழசே போதுங்க, இதைப் படிக்கவே நேரமில்ல” என்று எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆளும் அதே பல்லவி. மூன்றாவது அழைப்பில் அக்கா அவன் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அவன் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

“காளான் புத்தகத்துல படம் மாறிப்போச்சு. நல்ல காளான்னு போட்டிருக்கிறது சாவுக் காளான். பறிச்சீங்களா? யாராவது சாப்பிட்டீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க” என்றாள்.

இதற்குத்தான் ஆட்கள் காது கொடுத்தார்கள். ஒருவர் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. ஒருவர் ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார், அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டார். ஒரு அம்மா சீறினாள். என் பேரன் படம் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறானே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று. மவுஸ் ஒரு தொலைபேசியில், முதலாளி ஒன்றில், அவள் ஒன்றில். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு கோடு. ‘சாப்பிடலை’ என்ற வார்த்தையை அவ்வளவு ஆசையாக அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. பத்தே கால் ஆவதற்குள் நாற்பத்தோரு கோடுகள் விழுந்துவிட்டன. மிச்சமிருந்த ஒரு வரியில் பெயரே இல்லை. ‘டிரைவர், டிப்போ குடியிருப்பு, 14’ என்று மட்டும் எழுதியிருந்தது. எண்ணுக்கு ஒன்பது தடவை அடித்தாயிற்று, எடுப்பார் இல்லை.

“வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாருக்கா. டிரைவருங்க எடுக்க மாட்டாங்க” என்றாள் மவுஸ். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

முதலாளியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அக்கா போனாள். மடியில் கையேட்டின் ஒரு பிரதி. அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது, அப்பா செத்த அன்றைக்கும் அப்படித்தான். ஒன்றும் ஆகியிருக்காதுக்கா, யார் இந்தக் காலத்தில் காளானைக் காட்டில் போய்ப் பறிக்கிறார்கள், கடையில் டப்பாவில் விற்கிறது, நீங்கள் வேண்டுமானால் பாருங்கள், அந்த ஆள் புத்தகத்தைப் பஸ்ஸிலேயே விட்டிருப்பார் என்றான். அவள் மனசுக்குள் கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தடவை பிழை பார்த்த பக்கம். வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி மனப்பாடம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து முடிந்து மறுபடி ஆரம்பித்தது.

குடியிருப்பு, டிப்போவின் பின்சுவரை ஒட்டி இரண்டு வரிசையாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மரங்களும் புல்லும், மழை ஈரமும். பதினாலாம் வீட்டு வாசலில் கட்டியிருந்த கயிற்றில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா எண்ணினாள். ஐந்து. தலையணை உறை மூன்று. ஒரு சின்ன வீட்டில் ஒரே நாளில் இத்தனையைத் துவைத்துப் போடுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைத்தாள். கால் வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டது. முதலாளிதான் கதவைத் தட்டினான்.

டிரைவரே திறந்தார். நாற்பது வயது இருக்கும். சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் கொஞ்சம் வற்றியிருந்ததே தவிர, நன்றாகச் சவரம் செய்து, தலை வாரி, சிரித்த முகமாக இருந்தார். பின்னால் மேஜையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர்ப் புட்டியும் தயாராக இருந்தன. அவர் மனைவி ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அச்சகத்துலேருந்து வர்றோம். நீங்க சனிக்கிழமை வாங்கின புத்தகம்…” என்று ஆரம்பித்தாள் அக்கா.

“ஆமா, காளான் புக்கு! உள்ள வாங்க, உட்காருங்க. ரொம்ப நல்ல புக்குங்க. நான் பாப்பாவோட கதைப் புக்கைத் திருப்பிக் குடுக்க நூலகம் போனேன், மழை பிடிச்சுக்கிச்சு, சும்மா உட்கார்ந்தேன். ஓசியில குடுத்தாங்க.” அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. “ஞாயித்துக்கிழமை காலையில இந்தப் பின்னாடி மரத்தடியில ரெண்டு விதமும் முளைச்சிருந்துச்சு. ரெண்டும் வெள்ளை. சும்மா பார்த்தா வித்தியாசமே தெரியாது. நான் படத்தைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தோண்டிப் பார்த்தேன். அடியில பை இருக்கிறதை மட்டும் எடுத்துக்கிட்டேன். பை இல்லாததைப் பூராவும் தூக்கி வீசிட்டேன். பாப்பா ஓடுற இடம் இல்லையா, யாராவது தெரியாம எடுத்துடக்கூடாதுன்னு.”

அக்கா இவ்வளவு காலமாகப் பார்த்த பிழை திருத்துபவர்களிலேயே இவ்வளவு கவனமான ஆளைப் பார்த்ததில்லை. “எழுத்தைப் படிக்கலையா?” என்றாள் கடைசியில்.

“எழுத்து பொடிசா இருந்துச்சு. அதான் படமே இருக்கே.”

“சாப்பிட்டீங்களா?”

“பின்ன? நானே வெங்காயம் மிளகு போட்டு வதக்கினேன். இவ தொடவே மாட்டேன்னுட்டா, இவளுக்கு அந்த வாசனையே ஆகாது. ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் ஒருத்தனே ஒரு கை பார்த்தேன்.” பிறகுதான் அவர் அவர்களுடைய முகத்தைக் கவனித்தார். “ஏன், என்ன விஷயம்?”

சொல்லிவிட்டாள். புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, இந்தப் படம் அங்கே இருக்க வேண்டியது, அந்தப் படம் இங்கே என்று காட்டினாள். தப்பு என்னுடையது, நான்தான் மாற்றச் சொன்னேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். டிரைவர் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மூடி அவளிடமே கொடுத்துவிட்டார். சிரித்தார்.

“அக்கா, நீங்க பயந்துட்டீங்க. விஷமா இருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா? வெள்ளி மோதிரத்தை உள்ள போட்டுத்தான் வதக்கினேன், கறுக்கவே இல்ல. பூச்சி கடிச்ச தடமும் இருந்துச்சு. பூச்சியே திங்குதுன்னா நமக்கு என்ன?”

“வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையா?” என்று கேட்டாள் அக்கா. கேள்வி டிரைவருக்குத்தான், ஆனால் அவள் கண் கயிற்றில் காயும் விரிப்புகளைப் பார்த்தது.

மனைவிதான் பதில் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சது. நேத்து பூரா படுக்கைதான். வாந்தி, பேதி, தண்ணிகூடத் தங்கல. தூங்கட்டும்னு போன் சத்தத்தைக்கூட நான்தான் அமத்தி வச்சேன்.”

“அது கேன்டீன் சாப்பாடு. சாயங்கால டூட்டிக்குப் போயிட்டு அங்க சாப்பிட்டேன், அதுதான். காளான் சாப்பிட்டது மத்தியானம். அதனாலன்னா அப்பவே பண்ணியிருக்கணுமில்ல? இன்னிக்கு எழுந்திரிச்சேன், கல்லு மாதிரி இருக்கேன். பசிக்குது. மிச்சத்தைக்கூட டப்பாவுல போட்டுக்கிட்டேன், மத்தியானத்துக்கு.”

மனைவி மேஜையைப் பார்த்தாள். பிறகு போய் அந்த டப்பாவை எடுத்து, ஏதோ சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா எழுந்து நின்றாள். யோசித்துச் சொல்ல அவளிடம் சொந்தமாக ஒரு வார்த்தையும் இல்லை. வழியெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததே வாய்வழியாக வந்தது. “‘சாப்பிட்டவுடன் எதுவும் தெரியாது. ஆறு மணிநேரம் கழித்தோ, பன்னிரண்டு மணிநேரம் கழித்தோதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். இரண்டாம் நாள் அவை நின்று, நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும். இது ஏமாற்றும் நலம். உள்ளே நஞ்சு கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு போகாது. இந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் விடுபவர்களே பெரும்பாலும் இறக்கிறார்கள்.’ இருபத்திரண்டாம் பக்கம். இதுல பிழை இல்ல. இதை நான் மூணு தடவை பார்த்தேன்.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் ஒப்பித்து முடித்தவளை டிரைவர் விநோதமாகப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணே காலுக்கு வண்டி எடுக்கணும். நேத்தே மட்டம் போட்டாச்சு, இன்னிக்கும் போகலேன்னா மேலதிகாரி தோலை உரிச்சிடுவாரு. சாயங்காலம் வந்து ஒரு எட்டு டாக்டரைப் பார்க்கிறேன், போதுமா? உடம்புக்கு நல்லா இருக்கிறவன் போய் ஆஸ்பத்திரியில என்னன்னு சொல்றது? நல்லா இருக்கேன், பாருங்கன்னா?”

“அதேதான் சொல்லணும்” என்றாள் அக்கா. “நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. அதைக் கேட்டுத்தான் அவங்க பயப்படுவாங்க.”

முதலாளி முதல் தடவையாக வாயைத் திறந்தான். “அண்ணே, என் அச்சகம் நாளைக்கே மூடினாலும் பரவாயில்ல. வாங்க போயிடலாம்” என்றான். புதுப் பதிப்பு என்று தேன் ஒழுகப் பேசிய அதே வாய்தான். அக்காவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. டிரைவர் அசையவில்லை. சாவியைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலை மறித்து நிற்கலாமா என்றுகூட அக்கா நினைத்தாள். இத்தனை பெரிய ஆளை அவளும் முதலாளியும் பிடித்து இழுத்துப்போகவா முடியும்? பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இவர் போய், நாளைக்கோ மறுநாளோ கண் மஞ்சளாகி எங்கேயாவது ஓரமாக வண்டியை நிறுத்துவார் என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வருடமாகப் பிறர் பிழையைத் திருத்திச் சோறு தின்றவள், தன் பிழை சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாப்பாவும் நேத்து விடியக்காலையில ஒருதடவை வாந்தி எடுத்தாளே” என்றாள் மனைவி.

சத்தமாகச் சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆனால் டிரைவரின் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது.

“உங்களைப் பார்த்துப் பயந்து எடுக்கிறான்னு நினைச்சேன். ஒருதடவைதான். அப்புறம் வயிறு வலிக்குதுன்னு படுத்திருந்தா. இன்னிக்கு நல்லா இருக்கான்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, அவளுக்குக் குடுத்தீங்களா?”

டிரைவர் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“உங்களைத்தான் கேக்கிறேன். குடுத்தீங்களா?”

“உப்புப் பார்க்கத்தான்” என்றார். “அவதான் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டா. ஒரே ஒரு துண்டு. ஊதி ஊதிக் குடுத்தேன்.”

அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. டிரைவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கி ஓடினார். மனைவி டப்பாவோடு பின்னாலேயே ஓடினாள். கதவைச் சாத்தியது அக்காதான். முதலாளி தெருமுனையில் ஒரு வாடகைக் காரை மறித்து, பள்ளிக்கூட வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினான். சாப்பிட்ட அத்தனை பேரையும் உடனே கொண்டுவாருங்கள், மிச்சம் மீதி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம் என்றார்கள். எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டார்கள். அக்கா விரலை மடக்கி எண்ணினாள். ஞாயிறு மதியம் ஒன்றிலிருந்து செவ்வாய் காலை பத்தே முக்கால். நாற்பத்தைந்தே முக்கால் மணிநேரம். அவள் அதைச் சொல்லச் சொல்ல முதலாளி தொலைபேசியில் சொன்னான்.

பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். இடைவேளை விட்டிருந்தார்கள். கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரே இரைச்சல், நூறு பிள்ளைகள் ஒரே சீருடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி கதவைத் திறக்க மறுத்துவிட்டார். அலுவலகத்தில் சீட்டு வாங்கி வந்தால்தான் பிள்ளையை அனுப்ப முடியும், சட்டம் அதுதான், என் வேலைக்கு உலை வைக்காதீர்கள் என்றார். மனைவி டப்பாவைப் புருஷன் கையில் திணித்துவிட்டுப் பக்கவாசல் வழியாக அலுவலகத்துக்கு ஓடினாள். வாடகைக் கார் வந்து நின்றது. முதலாளி பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு தயாராக நின்றான். டிரைவரும் அக்காவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தேடினார்கள்.

“எது உங்க பாப்பா?” என்றாள் அக்கா.

அவர் வாயால் சொல்லவில்லை, மோவாயால் காட்டினார். வேப்பமரமோ என்னவோ ஒரு மரத்தடியில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு நாலைந்து பெண்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆறு வயதுப் பிள்ளை. கன்னம் சிவந்து, மூக்கு வியர்த்து, ஒரு நோயும் இல்லாத பிள்ளையாக இருந்தது. இத்தனை ஆரோக்கியமான ஒரு முகத்தைப் பார்த்து அக்கா இதற்கு முன் பயந்ததில்லை. டிரைவர் ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் கம்பியுமாக நின்றார்.

பிள்ளை இரண்டாவது கட்டத்துக்குத் தாவியது. மூன்றாவது. அங்கே லேசாகத் தள்ளாடியது. டிரைவரின் மூச்சு நின்றதை அக்கா பக்கத்திலிருந்து கேட்டாள். எந்தப் பிள்ளையும் ஒற்றைக் காலில் தள்ளாடத்தான் செய்யும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான்காவது. ஐந்தாவது. அலுவலக வாசலில் மனைவி ஒரு சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. காவலாளி சாவிக்கொத்தில் சாவியைத் தேட ஆரம்பித்தார். அப்போதுதான் பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தது. வேலை நேரத்தில், சீருடையில், கம்பிக்கு வெளியே அப்பா நிற்பதைக் கண்டு அதன் முகம் விரிந்தது.

“அப்பா! எனக்கு இப்ப வயிறு வலிக்கவே இல்ல!” என்று மைதானம் முழுவதும் கேட்கக் கத்தியது. “இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்.” ஆறாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் குதித்து இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கொஞ்சமும் அசையாமல் அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றது.